ஆண்டின் முதல் மூன்று மாதம்: நம் குழுக்கள் எங்கே நிற்கின்றன?

 

நமக்கு ஒரே வருடத்தில் மூன்று ஆண்டுத் தொடக்கங்கள் உண்டு. ஏப்ரல் 1 அன்று கணக்கு ஆண்டு தொடங்குகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூட ஆண்டு. முஹர்ரம் முதல் பிறையில் ஹிஜ்ரி ஆண்டு. சில ஆண்டுகளாகப் பள்ளித் திறப்பும் முஹர்ரமும் அடுத்தடுத்து வருகின்றன. எனவே திட்டம் போடுவதற்கு நம்மிடம் குறைவில்லை. மாலை வகுப்புக்கு ஒரு குழு, கல்வி உதவித்தொகைக்கு ஒரு குழு, மருத்துவ உதவிக்கு ஒரு குழு, பைத்துல்மாலுக்கு ஒரு குழு என்று பெயர்களை எழுதி, துஆ ஓதி, தேநீர் குடித்துக் கலைகிறோம்.

அதற்குப் பிறகு அந்தக் குழுக்களை எப்போது பார்க்கிறோம்? பெரும்பாலான ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் அடுத்த மார்ச் மாதம், ஆண்டறிக்கை எழுதும்போதுதான். அப்போது பார்ப்பது வெறும் கணக்கு. ஜூலையில் படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போன பையனை மார்ச் அறிக்கை திருப்பிக் கொண்டுவராது. அவன் கையில் அதற்குள் வாரக்கூலி பழகியிருக்கும். அறுவடை முடிந்த பிறகு வயலில் களை எடுத்து என்ன பயன்?

ஆகவே இந்த இதழின் பாடம் இதுதான்: ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றவர், ஆண்டு தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் தன் குழுவின் முன்னேற்றத்தை எப்படி அளந்து பார்ப்பது? பொறுப்பேற்றவர் என்றால் முதவல்லியும் செயலாளரும் மட்டும் அல்லர். மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி, மதரஸாவின் உஸ்தாத், நான்கு தொண்டர்களை வைத்து இரத்ததானப் பட்டியல் நடத்தும் கல்லூரி மாணவர், வீட்டை நடத்தும் தாய் எல்லோரும் பொறுப்பாளர்களே. நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் மந்தையைப் பற்றிக் கேட்கப்படுவோம் என்ற நபிமொழிக் கருத்து நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

1. தேதி இல்லாத கடிதம்

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். அவர்களிடமிருந்து மாகாண ஆளுநர்களுக்குக் கடிதங்கள் போகும். அவற்றில் மாதத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. ஷஃபான் என்று எழுதியிருந்தால் அது எந்த ஷஃபான்? போன வருடத்து ஷஃபானா, இந்த வருடத்ததா, வரப்போவதா? நிர்வாகத்தில் இந்தக் குழப்பம் எழுந்தபோது உமர் (ரலி) அவர்கள் ஸஹாபாக்களைக் கூட்டி மஷூரா செய்தார்கள். நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைக் கணக்கின் தொடக்கமாகவும், முஹர்ரமை முதல் மாதமாகவும் வைப்பது என்று முடிவானது. ஹிஜ்ரத் நடந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்து நடந்த ஏற்பாடு இது.

ஆக, நம் ஆண்டுக் கணக்கே ஒரு நிர்வாகத் தேவையிலிருந்து வந்தது. எந்த வேலை எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்று தெரியாவிட்டால் விசாரிக்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. நம் தீர்மானப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். 'விரைவில் செய்வது', 'ஆவன செய்வது' என்று எத்தனை தீர்மானங்கள்! தேதி இல்லாத தீர்மானமும் ஆண்டு இல்லாத கடிதமும் ஒன்றுதான். முதல் மூன்று மாத ஆய்வுக்கு முதல் தேவை, ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே ஒரு தேதி.

2. நம் மாவட்டத்தில் தொடங்கிய ஒரு திட்டம்

கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. மீண்டும் திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பையே சரியாகப் பார்க்காத பிள்ளை. அந்த நிலையில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டம், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 8 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025-க்குள் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு.

அந்தத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது அதன் தொடக்க வேலையை. பாடம் நடத்துவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொடக்க நிலைத் தேர்வு. அந்தத் தேர்வு மதிப்பெண் போடுவதற்காகவோ தேர்ச்சி, தோல்வி சொல்வதற்காகவோ வைக்கப்பட்டதில்லை. பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அதன்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூலைக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் அரும்பு நிலையில் இருந்தால் அங்கிருந்தே தொடக்கம்.

நம் மாலை வகுப்புகளில் இந்தப் பழக்கம் குறைவு. முதல் நாளே ஆறாம் வகுப்புப் பாடநூலைத் திறந்துவிடுகிறோம். பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று பார்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து 'நன்றாக நடக்கிறது' என்கிறோம். எங்கிருந்து புறப்பட்டோம் என்று எழுதி வைக்காதவர் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வார்? நம் ஊர் மலைக்குப் போகும் படிகள் 365 என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஏறுகிறவர் பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது எத்தனை ஏறினோம் என்று சொல்ல முடிவது, கீழே முதல் படியிலிருந்து எண்ணியதால்தான்.

இதே அரசுத் திட்டங்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கைப்பேசியில் விவரம் பதிவேற்றும் வேலையே கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. அளப்பது வேலைக்குத் துணையாக இருக்க வேண்டும். அளப்பதே வேலையாகிவிடக் கூடாது. சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கே இது பாரம் என்றால், கடையை மூடிவிட்டு வந்து சேவை செய்யும் நம் தொண்டருக்கு எப்படி இருக்கும்? எனவே நம் குழுக்களுக்கு ஒரு பக்கத் தாள் போதும்.

3. தராசு சொன்ன பாடம்

இன்னும் பின்னோக்கிப் போவோம். 1980-ல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமந்தோறும் ஒரு ஊட்டச்சத்து மையம், அந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுத்த ஒரு பெண் பணியாளர். வறுமையிலும் தன் பிள்ளைகளை நல்ல ஆரோக்கியத்துடன் வளர்த்த தாய்மாரைத் தேர்வில் விரும்பி எடுத்தார்கள். ஏனென்றால் அவர் சொன்னால் ஊர்ப் பெண்கள் கேட்பார்கள். சுமார் பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர்.

பணி இதுதான்: 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதாமாதம் எடை பார்ப்பது. அட்டையில் புள்ளி வைத்துத் தாயிடம் காட்டுவது. கவனியுங்கள், அவர்கள் முக்கியமாகப் பார்த்தது குழந்தை எவ்வளவு எடை என்பதை விட, போன மாதத்தை விடக் கூடியிருக்கிறதா என்பதை. மெலிந்த குழந்தை, ஆனால் மாதாமாதம் ஏறுகிறது என்றால் அது நல்ல பாதையில் போகிறது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறது, ஆனால் கோடு மேலே ஏறவே இல்லை என்றால் அங்கே ஆபத்து தொடங்கிவிட்டது. அப்படி எடை கூடாத குழந்தைக்கு உடனே சத்துருண்டை. குறைந்தது 90 நாட்கள். எடை தேறியதும் அதை நிறுத்திவிடுவார்கள். அதனால் எந்த ஒரு சமயத்திலும் ஏறத்தாழ கால்வாசிக் குழந்தைகளுக்குத்தான் கூடுதல் உணவு தேவைப்பட்டது. இருக்கும் பணம் தேவையான இடத்துக்குப் போனது. அந்தத் திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உலகின் பல நாடுகளில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் திட்டம் அது.

இதிலிருந்து குழுப் பொறுப்பாளர் எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, நிலையைப் பார்க்காதீர்கள், நகர்வைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கிய குழு ஐந்து பிள்ளைகளிலிருந்து ஒன்பது பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. பழைய குழு நாற்பதிலேயே மூன்று வருடமாக நிற்கிறது. எந்தக் குழுவை உட்கார வைத்துப் பேச வேண்டும்? நாற்பதைப் பார்த்து நாம் மாஷா அல்லாஹ் சொல்லி விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, அளந்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். எடை குறைந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் மையம் எதற்கு? ஆய்வுக் கூட்டத்தின் முடிவில் யாருக்கும் எந்தப் புது வேலையும் வரவில்லை என்றால் அது ஆய்வுக் கூட்டமே இல்லை.

மூன்றாவது, கூடுதல் உதவிக்கு ஒரு கால வரம்பு வேண்டும். பின்தங்கிய குழுவுக்கு இரண்டு தொண்டர்களைக் கூடுதலாகக் கொடுங்கள். 90 நாள் கழித்துப் பாருங்கள். தேறியிருந்தால் அவர்களை அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள்.

4. கூஃபாவின் பள்ளிவாசல்களில் விசாரணை

ஒரு பொறுப்பாளரைப் பற்றிக் குறை வந்தால் என்ன செய்வது? உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவரைப் பற்றிக்கூட அந்த ஊர் மக்கள் குறை சொன்னார்கள். தொழுகை நடத்துவதே சரியில்லை என்கிற அளவுக்குச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களை அழைத்து நேரில் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுவித்தது போலவே தொழுவிக்கிறேன், முதல் இரண்டு ரக்அத்துகளை நீட்டுகிறேன், பின் இரண்டைச் சுருக்குகிறேன் என்று அவர் விளக்கினார். உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

அதோடு விட்டுவிடவில்லை. அவருடன் ஆட்களைக் கூஃபாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஒரு பள்ளிவாசல் விடாமல் போய் மக்களிடம் விசாரித்தார்கள். எங்கும் நல்ல வார்த்தை. ஒரே ஒரு பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து குறை கூறினார். அது அநியாயமான குறை என்பது பின்னால் தெளிவானது. நிர்வாக அமைதிக்காக ஸஅத் (ரலி) அவர்கள் பதவியிலிருந்து மாற்றப்பட்டிருந்தார்கள். ஆனால் உமர் (ரலி) அவர்கள் தமது இறுதி நேரத்தில், திறமைக் குறைவுக்காகவோ நேர்மைக் குறைவுக்காகவோ அவரை மாற்றவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை ஒழுங்குகள்! பொறுப்பாளரின் வாயிலிருந்து முதலில் கேட்டார்கள். பயன் பெறும் மக்களிடம் போய்க் கேட்டார்கள். அதுவும் ஒரு தெருவில் மட்டும் கேட்காமல் எல்லாப் பள்ளிவாசல்களிலும் கேட்டார்கள். மறைவாகக் கேட்காமல் பகிரங்கமாகக் கேட்டார்கள். மாற்றம் செய்தாலும் அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? டீக்கடையில் இரண்டு பேர் சொன்னதை வைத்து ஒரு தொண்டரைப் பற்றி முடிவுக்கு வந்துவிடுகிறோம். அல்லது 'அவர் பெரிய மனிதர், அவரைப் போய் எப்படிக் கேட்பது' என்று ஐந்து வருடம் கேட்காமலே இருக்கிறோம். இரண்டுமே அமானிதத்துக்கு நல்லதல்ல. ஸகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்ற தோழரிடம் நபி (ஸல்) அவர்களே கணக்குக் கேட்டார்கள். இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று அவர் சொன்னபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று வினவினார்கள். பிறகு மிம்பரில் அதைப் பற்றி மக்களுக்கு எச்சரித்தபோது, அனுப்பப்பட்ட ஒருவர் என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர பெயர் சொல்லிப் பேசவில்லை. தவறு எல்லோருக்கும் பாடமானது, தவறியவரின் பெயர் சந்தி சிரிக்கவில்லை.

5. நம் குழுக்களில் எப்படிச் செய்வது?

இனி நடைமுறை. ஒவ்வொரு குழுப் பொறுப்பாளரும் ஒரு பக்கத் தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும்.

ஒன்று: தொடங்கிய நாளில் எங்கே இருந்தோம்?
இரண்டு: இன்று எங்கே இருக்கிறோம்?
மூன்று: யார் விடுபட்டுப் போனார்கள்?
நான்கு: தடை என்ன?
ஐந்து: அடுத்த 90 நாளில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது?

இதில் மூன்றாவது கேள்விதான் உயிர் நாடி. வந்தவர்களை எண்ணுவது எளிது. வராமல் போனவரை எண்ணுவதுதான் தலைமையின் வேலை. மாலை வகுப்பில் தினமும் 25 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் இருந்த அதே 25 பேரா? ஐந்து பேர் நின்று, வேறு ஐந்து பேர் சேர்ந்திருந்தாலும் எண்ணிக்கை 25 தான். அந்த ஐந்து பிள்ளைகள் எங்கே? ஒருவன் மெக்கானிக் ஷெட்டிலா, விசைத்தறியிலா, கறிக்கடையிலா? ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டாளா? வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை இதைச் சொல்லாது. பெயர் பெயராகப் பார்த்தால்தான் தெரியும்.

உதவித்தொகைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம்' என்பது அவர்கள் வேலைக்குக் கணக்கு. பிள்ளையின் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்பதே பயனுக்குக் கணக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. இவற்றில் தகுதி இருந்தும் பணம் வராமல் நிற்பதற்குப் பல நேரம் காரணம், வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்படாததுதான். இதை முதல் மூன்று மாதத்தில் கண்டுபிடித்தால் வங்கிக்கு ஒரு நடை போதும். மார்ச்சில் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் முழுவதும் பஸ் கட்டணத்துக்கு யாரிடமாவது கை நீட்டியிருக்கும்.

பைத்துல்மால் குழுவுக்கும் இதே அளவுகோல்தான். தையல் இயந்திரம் வழங்கினோம், புகைப்படம் எடுத்தோம் என்பதோடு கணக்கு முடியாது. மூன்றாம் மாதம் அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மகளிர் அணியிலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்து பேசட்டும். இயந்திரம் ஓடுகிறதா? துணி வருகிறதா? நூல் வாங்கக் கையில் காசு இருக்கிறதா? இயந்திரம் அடகுக்குப் போயிருந்தால் அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், அந்த வீட்டில் அதை விடப் பெரிய ஒரு கஷ்டம் இருக்கிறது என்பதற்கான செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளை வாங்கியதோடு நிற்காமல் பொறுப்பாளர் ஒருமுறை நேரில் போக வேண்டும். வகுப்பு நடக்கும் நேரத்தில் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். ஒரு பிள்ளையை அழைத்து நான்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து அறிக்கை சொல்லாததை அந்த நான்கு வரி சொல்லிவிடும்.

6. தடை எங்கே இருக்கிறது?

குழு பின்தங்கினால் உடனே ஆளைக் குறை சொல்வது நம் வழக்கம். ஆனால் தடை மூன்று இடங்களில் இருக்கலாம். ஆளிடம் இருக்கலாம், திட்டத்தில் இருக்கலாம், சூழலில் இருக்கலாம்.

நம் ஊரின் சூழலைப் பாருங்கள். இது எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. நம் பல வீடுகளில் பேச்சு உருது. வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று மூன்றுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை, தமிழ் வாசிப்பில் மூன்று மாதம் பின்னால் இருந்தால் அது வகுப்பெடுக்கும் தங்கையின் குறையா? அவருக்கு உருது தெரிந்த ஒரு துணை ஆசிரியை தேவைப்படலாம். அதே போல ஆடிக் கிருத்திகை நாட்களில் ஊரெங்கும் கூட்டம், பேருந்துகள் திருப்பி விடப்படும், கடை வைத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைகளும் வியாபாரத்துக்கு நிற்பார்கள். அந்த வாரத்தில் வருகை குறைந்ததை வைத்துக் குழுவை அளக்கக் கூடாது. ரமலானிலும் அப்படித்தான். இவற்றை முன்கூட்டியே தெரிந்து திட்டத்தில் இடம் விட்டிருக்க வேண்டும்.

திட்டத்தின் குறை வேறு வகை. ஒரே தொண்டரிடம் நான்கு பொறுப்புகளைக் கொடுத்திருப்போம். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர் அவர். முதல் மூன்று மாதத்திலேயே அவர் சோர்வதைக் கவனித்து இரண்டு பொறுப்பை இறக்கி வைத்தால் அவர் பத்து வருடம் நம்மோடு இருப்பார். கவனிக்காவிட்டால் ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். பிறகு பள்ளிவாசலில் பார்த்தாலும் முகம் கொடுக்க மாட்டார்.

ஆளிடமே குறை இருந்தால்? தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் அவர் செய்த நல்லதை, பெயருக்குச் சொல்லாமல் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். 'இதைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன வேண்டும் பாய்?' என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்து தர ஒப்புக்கொண்டதற்கும் தேதி போடுங்கள். ஏனென்றால் அடுத்த கூட்டத்தில் அவர் உங்களையும் கேட்க வேண்டும்.

7. விசாரிப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு

துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. அப்படியிருக்க, குழுவை ஆய்வு செய்வது அதில் சேராதா என்று சில சகோதரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான். ஆய்வு முன்கூட்டியே சொல்லிவிட்டு நடக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஒப்படைத்த வேலையைப் பற்றி மட்டுமே பேச்சு. பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு. வேவு பார்ப்பதில் இந்த நான்கும் இருக்காது. தொண்டரின் வீட்டு விவகாரம், கடன், சம்பந்தி வீட்டுச் சண்டை எதுவும் நம் தாளில் வரக் கூடாது. உதவி பெறும் குடும்பத்தின் பெயர் பொறுப்பாளரின் தாளோடு நிற்க வேண்டும். பொதுக் கூட்டத்தில் எண்ணிக்கை மட்டும் போதும். நம் சின்ன ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே வீட்டைச் சொன்னது போலத்தான்.

8. வீட்டிலும் இது உண்டு

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! ஜூனில் பிள்ளையைப் பள்ளியில் விட்டோம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டை வரும் வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, பிள்ளையின் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். படிக்கத் தெரியாத தாய்கூட இதைச் செய்யலாம். எந்த நோட்டு பாதியில் வெறுமையாக நிற்கிறது, எதில் சிவப்பு மை அதிகம் என்று கண்ணே சொல்லும். அண்ணனோடு தம்பியை ஒப்பிடாதீர்கள். போன மாதத்துத் தம்பியோடு இந்த மாதத்துத் தம்பியை ஒப்பிடுங்கள். எடை அட்டையின் பாடம் அதுதானே?

கலந்து பேச

இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்திலும் வீட்டிலும் படித்துவிட்டுக் கீழ்க்காணும் கேள்விகளைப் பேசிக்கொள்ளுங்கள்.

1. நம் குழுவின் தொடக்க நிலை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே எழுத முடியுமா?
2. தொடக்கத்தில் இருந்து இப்போது இல்லாதவர்கள் யார்? அவர்களை யார், எந்த நாளில் சந்திக்கப் போகிறோம்?
3. செய்த வேலையை எண்ணுகிறோமா, மக்களுக்குச் சேர்ந்த பயனை எண்ணுகிறோமா?
4. நம்மில் யார் மீது பாரம் அதிகம்? எதை இறக்கி வைக்கலாம்?
5. நம்மிடம் உதவி பெற்றவர்களில் ஒருவரிடமாவது இந்த மூன்று மாதத்தில் நேரில் கருத்துக் கேட்டோமா?

நாளைக்காக எதை முற்படுத்தி அனுப்பியிருக்கிறோம் என்று ஒவ்வொரு ஆன்மாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று திருமறை நமக்குக் கற்றுத் தருகிறது. மறுமையின் கேள்வி கணக்கு கடினமானது. அதை நம்புகிற நாம், இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் எளிய கணக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. குழுப் பொறுப்பாளர்கள் தங்கள் ஒரு பக்கத் தாளை அடுத்த மாதாந்திர மஷூராவுக்கு எடுத்து வாருங்கள். வெறுமையாக இருக்கும் கட்டங்களை அப்படியே வெறுமையாகக் கொண்டு வாருங்கள். அலங்கரித்து நிரப்ப வேண்டாம். அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கத்தான் நாம் கூடுகிறோம்.

நம் கைகளில் தரப்பட்ட அமானிதங்களை நிறைவேற்றவும், விடுபட்டவர்களைத் தேடிப் போகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்